பம்பரில் பதிந்த பூக்கள்

மஞ்சக்குப்பத்து உப்புக் காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது. எங்கள் பழைய மோரிஸ் காரின் பம்பர்களும் முலாம் உரிந்து துருவேறிப் போயின. 1963-இல் என் மனைவி ஷரீபாவின் தங்கை அஜீசுன்னிசாவுக்குச் சிதம்பரத்தில் நிக்காஹ் நிச்சயமானது. தங்கை எங்கள் வண்டியில்தான் புகுந்த வீடு போக வேண்டும் என்று ஷரீபாவுக்கு ஆசை. அவர்களுடைய அண்ணன் அப்துல் ஹக் சிரித்தார்.

“துருப்புடிச்ச டப்பாவுலயா? நான் டாக்ஸி பேசிக்கிறேன் மச்சான்.”

அன்றே பம்பர் ஷரீபாவின் வேலையாயிற்று. மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்தாள். உப்புத்தாளால் வழவழப்பாக்கி, சில்வர் பெயிண்டை மெல்லிசாகப் பூசினாள். என்னைத் தொட விடவில்லை.

“கோர்ட்டுல பேப்பர் புரட்டுற வக்கீல் கை. இதுக்கு ஆவாதுங்க.”

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை காற்றில் மணல் பறந்தது. பெயிண்டு காய்ந்துவிட்டது என்று நம்பி, பம்பரைச் சுற்றிக் கட்ட மென்மையான துணி தேடினாள். அவள் கையால் நூலில் பூப்போட்ட பழைய தலையணை உறைகள்தான் கிடைத்தன. தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்று பூக்களை உட்புறமாகத் திருப்பிக் கட்டினாள்.

காலையில் அவிழ்த்தால், சரியாகக் காயாத பெயிண்டில் பதிந்து பம்பர் நெடுகப் பூக்கள். திரும்பப் பூச நேரமில்லை. அப்படியே சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம்.

அப்துல் ஹக் குனிந்து பார்த்தார். “என்னா மச்சான், பம்பருக்குத் தலகாணி வச்சுத் தூங்க வச்சீங்களா?”

வாசலே சிரித்தது. ஷரீபா முக்காட்டை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

நிக்காஹ் முடிந்து டாக்ஸியை நோக்கி நடந்த அஜீசுன்னிசா எங்கள் வண்டியருகே நின்றாள். பம்பரைத் தொட்டுப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“லாத்தா, என் தலகாணி ஒறையிலயும் இதே பூதானே போட்டுக் குடுத்தே? நான் இதுலதான் போவேன்.”

டாக்ஸியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை இறங்கி வந்து எங்கள் வண்டியில் ஏறினார்.

பிறகு புதுப் பெயிண்டு அடிக்கலாம் என்றேன். “இருக்கட்டுங்க” என்றாள். தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி வெள்ளிக்கிழமைதோறும் தடவுவாள். இதழ்களுக்குள் தங்கும் மெழுகை, விரல் நுனியில் துணி சுற்றி எடுப்பாள்.

இந்த மழைக்காலத்தில் ஷரீபா மௌத்தானாள். அவள் வழக்கப்படி நானும் மெழுகு தடவி வந்தேன். அவள் மறைந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் அஜீசுன்னிசாவை ஊரில் விட வண்டியைக் கிளப்பினேன். ஏறப்போனவள் முன்பக்கம் வந்து குனிந்தாள்.

“மச்சான், பூவுக்குள்ள மெழுகு வெள்ளையா நிக்குது. லாத்தா இப்படி வுட மாட்டா.”

முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் துடைக்க ஆரம்பித்தாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, கைக்குட்டையோடு மறு கோடியில் உட்கார்ந்தேன்.