ஊர் காலியானபோது எங்களுக்கு வந்த துணை

பிரியமான பங்கு மக்களே, 1942-ஆம் வருஷம் பாஸ்குத் திருநாளாம் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நம் மயிலாப்பூர் எப்படிக் கிடந்தது என்று உங்களில் பலர் பார்க்கவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று எல்லோரும் வெளியூர் போய்விட்டீர்கள். குறை சொல்லவில்லை. கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையான நானும் தைரியத்தினால் தங்கவில்லை. என் மனைவி ஆரோக்கியத்துக்கு நிறைமாசம்.

வியாழக்கிழமை விடியும்போது வலி கண்டது. நம் தெரு மருத்துவச்சி முந்தின நாளே ரயிலேறியிருந்தாள். கச்சேரி ரோடு வரை ஓடினேன். ஒரு வண்டி இல்லை. டாக்டரைத் தேடிச் சைக்கிளில் போன நம் பங்குச் சுவாமியார் திரும்பவில்லை. பத்து மணிக்கு மேல் ஆரோக்கியம் கத்துவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைக் கலக்கியது. மாதா சுரூபத்தின் முன் விழுந்தேன். கையில் ஜெபமாலை; வாயில் ஜெபம் வரவில்லை. "இப்படிக் கைவிட்டியே தாயே" என்று சண்டைதான் போட்டேன்.

மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள். "மணி அடிக்கலியா? போய் அடிச்சிட்டு வாங்க."

கேட்க ஆளில்லாத ஊருக்கு அழுதுகொண்டே மூன்று வேளை ஜெபத்துக்கான திரிகால மணியை அடித்தேன். கயிற்றை விடுவதற்குள் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. உள்ளேயிருந்து ஒரு முஸ்லிம் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"மணி கேட்டுச்சு, ஆளு கீதுன்னு வந்தோம். மாட்டுக்குத் தண்ணி குடு நைனா. இன்னாத்துக்கு அழுவுறே?"

சொன்னேன். உடனே இறங்கிவிட்டார். "பிரசவம் பாக்கறதுதான் என் தொழிலு. எங்க கீறா?"

பெயர் ஹலீமா பீ. திருவல்லிக்கேணியிலிருந்து கோவளத்து உறவினர் வீட்டுக்குப் போகிற வழி. "நேரமாவுது, மாமி!" என்று மருமகன் வெளியே பதறினார். "நீ போ, நான் வரல" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

குழந்தைக்குக் கால் முன்னே வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி. நீலம் பாரித்துக் கிடந்தது. அழவில்லை. ஹலீமா பீ அதன் வாயில் ஊதினார், முதுகைத் தேய்த்தார், மறுபடி ஊதினார். அவர் அல்லாவைக் கூப்பிட்டார். நான் சேசுவைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். ஆரோக்கியம் சிரித்தாள்.

சர்வேசுரனுக்குத் தோத்திரம். அந்தக் குழந்தைதான் எங்கள் மேரி. ஏழு வயதாகிறது. போன ஞாயிறு அவள் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கியபோது, முதல் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்டீர்களே, அந்த ஹலீமா பீதான்.

முன்பெல்லாம் இன்னது வேண்டும், இன்னார் மூலம் வேண்டும் என்று மாதாவுக்கே வழி சொல்லிக்கொடுப்பேன். அதை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வந்தால், ஜெபம் வராவிட்டாலும் முழங்காலில் விழுங்கள். யாரை அனுப்புவது என்பதை மாதாவே பார்த்துக்கொள்வார்.