வண்டி போய்விட்டது என்ற செய்தி

செல்லிப்பட்டு அருள்மொழி, திருபுவனைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே நிரல் எழுதத் தானாகக் கற்றவர். இப்போது நெல் அறுக்கும் வண்டிகளை வாடகைக்குப் பதியும் இணையதளத்தில் சர்வர் வேலையைக் கவனிக்கிறார்.

விவசாயிகள் பக்கத்தை ஓயாமல் ரெஃப்ரெஷ் செய்துகொண்டிருந்ததால் சித்திரையில் அதை மாற்றினார். எந்த வண்டி காலி என்று ஒருமுறை கேட்டால் போதும். சர்வர் அந்தக் கேள்வியை நினைவில் வைத்து, பதில் மாறும்போதெல்லாம் கைப்பேசிக்குத் தானே அனுப்பும்.

மாற்றிய முதல் நாள் காலையிலேயே திருவாண்டார்கோயில் பாக்யராஜ் அழைத்தார். மழைக்குள் அவருடைய இரண்டு காணி நெல்லை அறுத்தாக வேண்டும்.

"இன்னாம்மா இது, மூணு வண்டி காலின்னு காட்டுது. தொட்டா வேற ஆளு எடுத்துட்டாங்கன்னுது."

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணா."

"அத மேகத்துக்கிட்ட நீயே சொல்லிடு."

தவறு அருள்மொழியுடையதுதான். புதிதாகக் காலியான வண்டிகளை மட்டுமே சர்வர் அனுப்பியது. யாராவது பதிந்துவிட்ட வண்டி, எது காலி என்ற கேள்விக்குள் வராததால், அது போன செய்தி ஒருவருக்கும் போகவில்லை. பழைய பதிலையும் புதிய பதிலையும் ஒப்பிட்டு, நீங்கியதையும் அனுப்பும்படி திருத்தினார். நான்கு முறை பதிந்து, ரத்து செய்து சரிபார்த்தார்.

பாக்யராஜ் மறுபடி அழைத்தார். "இப்போ ஒண்ணுமே காட்டலியே."

"காலி வண்டி ஒண்ணும் இல்லண்ணா, அதான். பக்கத்த மூடாம வச்சிருங்க, வந்தா தானா காட்டும்."

இரண்டரை மணிக்கு ஒரு வண்டி வேலை முடித்தது. அவருக்குச் சொல்லலாம் என்று அருள்மொழி கைப்பேசியை எடுப்பதற்குள், அந்த வண்டி பாக்யராஜ் பெயரில் பதிவாகியிருந்தது.