தவறு என்று பதிவான பதில்

யசோதராவின் வேலையை அவள் அம்மாவுக்கே விளங்க வைக்க முடியாது. டேப்லெட்டும் கையுமாக வீடு வீடாகப் போய், டிவி செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டி, பார்த்தவர் மனதில் என்ன தங்கியது என்று கேட்க வேண்டும். எந்த ஊர் மக்கள் செய்தியை எப்படி உள்வாங்குகிறார்கள் என்று நாடு நாடாக அளக்கிறார்களாம்! வியாசர்பாடிக்காரியான அவள் வாய்க்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும்.

அன்று தண்டையார்பேட்டையில் அஜீசுன்னிசாவின் வீடு. டேப்லெட்டைக் கண்டதும் பக்கத்து வீட்டு நவ்ரீன் தொடங்கிப் பாதித் தெரு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கே யாரும் தனியாகச் செய்தி கேட்பதில்லை. ஒருத்தி பார்க்க, நாலு பேர் பேச, அப்புறம்தான் அது செய்தி. யசோதரா வளர்ந்த வீட்டிலும் அதே கதைதான். ஆனால் ஆபீஸ் விதிப்படி, பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் வெளிய இருங்கக்கா."

"இன்னாமா நீ, ஒரு வார்த்த கேளு..." என்று நவ்ரீன் இழுத்தாள். யசோதரா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். அந்த ஒரு வார்த்தையை நின்று கேட்க முடியாமல் அப்படி என்ன அவசரமோ அவளுக்கு!

செய்தி ஓடியது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் தொட்டி கழுவ இறங்கிய தொழிலாளி, கவனக்குறைவால் விழுந்து இறந்தார் என்றது. அஜீசுன்னிசா கண் கொட்டாமல் பார்த்தாள்.

"அவர் எப்படிமா இறந்தாரு?"

"கவனமில்லாம ஒண்ணும் உள்ள வியலம்மா. உள்ள மயங்கிக் கெடந்தவன தூக்க எறங்குனாரு. கேஸ் அடிச்சிருச்சி."

தெருவில் பேசிக்கொள்வதைச் சொல்கிறாள் என்று யசோதரா நினைத்தாள். செய்தியில் இல்லாத பதில் தவறு. 'தவறு' என்பதைத் தொட்டு அனுப்பிவிட்டாள். அனுப்பினால் அனுப்பியதுதான், திருத்த முடியாது.

வாசலில் நவ்ரீன் அவள் கையைப் பிடித்தாள். "அது அவ வூட்டுக்காரரும்மா. அத்தச் சொல்லத்தான வந்தேன், தொரத்திட்டியே!"

யசோதரா திரும்பி உள்ளே போனாள். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அஜீசுன்னிசா முந்திக்கொண்டாள்.

"டிவிகாரங்க யாரும் என்னக் கேக்கல. நீதான் கேட்ட. நான் சொன்னத எய்திகினியாமா?"

"எய்திகினேம்மா."

அடப்பாவமே, அங்கேயாவது 'தவறு' என்று அனுப்பியதைச் சொல்லியிருக்கலாம். இப்போதும் இரவு உணவில் கை வைக்கும்போது அந்தப் பொய் நினைவுக்கு வருகிறது. போன வாரம் நவ்ரீன் போன் செய்தாள்.

"அஜீசுன்னிசா டெய்லி டிவி முன்னால குந்திகினுகீறாம்மா. நீ எய்திகினேன்னியே, இன்னைக்காவது மாத்திச் சொல்லுவாங்களான்னு கேக்குறா. இன்னா சொல்லட்டும்?"