‘தவிசாளர்’ என்று போட்டோம்

உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தில், களுவாஞ்சிக்குடியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஈய எழுத்துக் கோர்ப்பதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் இவைதான் அதிகம் வரும். முதலாளி சத்தமாகத் தும்மவும் பயப்படுகிற மனிதர். வாவிக்கு அக்கரையில் ஆயுதம் ஏந்திய இயக்கம், இக்கரையில் ஆமிக் காம்ப். நடுவில் அச்சகம் வைத்திருக்கிறவன் எழுத்துப் பார்த்துப் போட வேண்டும் என்பார்.

பல வருடங்களாக நடக்காதிருந்த தேர்தல் நடந்து, பிரதேச சபைக்கு ஆட்கள் தெரிவான நேரம் அது. சபை கட்டிய சந்தைக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். நான் ‘பிரதேச சபைத் தலைவர்’ என்று கோர்த்து, புரூஃப் எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுக் கதவைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

“இதில என்ன புள்ள போட்டிருக்காய்?”

“தலைவர் எண்டு. பிழையா?”

“பிழையில்ல. ஆனா இந்தச் சொல்லுக்கு இப்ப ஒரே ஆள்தான். அக்கரையில கண்டா ஆரடா மற்றத் தலைவர் எண்டு கேப்பாங்க. காம்பில கண்டா அவரத்தான் எழுதியிருக்கம் எண்டு நினைப்பாங்க. எடு அத.”

எனக்கு அதுவரை தலைவர் என்பது வெறும் சொல்; இயக்கத்தின் தலைவரை மட்டுமே அது குறிக்கும் என்று யோசித்ததில்லை. அன்று அந்த நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் பெட்டியில் போட்டேன். ‘தவிசாளர்’ என்று மாற்றினேன். சபையின் கடிதங்களிலும் அந்தச் சொல்லே இருந்தது. தவிசு என்றால் ஆசனம், அதில் இருப்பவர் தவிசாளர். யாருக்கும் கோபம் வராத சொல் என்று நினைத்தோம்.

மறுநாள் முற்பகல், அச்சடித்த கார்டுகள் காய்ந்துகொண்டிருக்கும்போது இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் வாசலிலேயே நின்றான். மற்றவன் உள்ளே வந்து ஒரு கார்டை எடுத்து நிதானமாக வாசித்தான். என்னைவிட வயது குறைவாக இருக்கும்.

“தவிசாளருக்கு முன்னால கௌரவ எண்டு போட்டிருக்கு. ஆர் குடுத்த கௌரவம், அக்கா?”

முதலாளி முன்னால் வந்தார். “அது சபையால எழுதித் தந்தது, தம்பி. எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் போடுற.”

“இஞ்ச போட வேணாம்.”

அவ்வளவுதான் சொன்னான். கார்டைப் பழைய இடத்திலேயே, பக்கத்துக் கார்டுகளில் முட்டாமல் வைத்துவிட்டுப் போனான். சைக்கிள்கள் வளைவில் மறைந்த பிறகும் முதலாளி மேசையைப் பிடித்தபடியே நின்றார்.

மத்தியானம் தவிசாளரே வந்தார். செட்டிபாளையத்து ஆள். சபைக்கு வருமுன் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். அங்கே பாண் வாங்க வரிசையில் நிற்கிற சனத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். முதலாளி நடந்ததைச் சொன்னார். தவிசாளர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் பயம் என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.

“கௌரவத்த எடுங்க,” என்றார். “அது அரசாங்கக் கந்தோர் தாற சொல். தவிசாளர் மட்டும் இருக்கட்டும். அது சனம் தந்தது.”

“பேருக்குப் பின்னால ‘அவர்கள்’ எண்டு இருக்கே, அதையும் எடுக்கிறதா?” என்று கேட்டேன். எடுத்தால் ‘திறந்து வைப்பார்கள்’ என்பதையும் ‘வைப்பார்’ என்று மாற்ற வேண்டும். அவன் கௌரவத்தை மட்டும்தான் சொன்னான். ஆனால் மறுபடி வந்து இதையும் கேட்டால்?

முதலாளிதான் பதில் சொன்னார். “அவர்கள் எண்டுறது மனிசனுக்கான மரியாதை புள்ள. பதவிக்கில்ல. இருக்கட்டும்.”

அவர் அவ்வளவு துணிந்து பேசி நான் கேட்டதில்லை. சொன்ன பிறகு அவரே உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

சந்தைக் கட்டடம் ஒரு குழப்பமும் இல்லாமல் திறக்கப்பட்டது. பயம் குறைந்துவிட்டதாக நினைத்தேன். மாரி தொடங்குமுன் ஒரு காலை, சபைக்குப் போகும் வழியில் தவிசாளரைச் சுட்டுவிட்டார்கள். யார் என்று ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பதவியை விடும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது என்றும், விடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார் என்றும் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

மரண அறிவித்தல் எங்களிடம்தான் வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய மைத்துனர். “முன்னாள் தவிசாளர் எண்டு போடுங்க,” என்றார். “புள்ளயள் இரிக்குதுகள். விட்டுப்போட்டார் எண்டு தெரியட்டும்.”

நான் கோர்க்கத் தொடங்கினேன். ‘மு’ கையில் இருந்தது. பதவியை விட்டுப்போய் உயிரோடு இருப்பவருக்கு அந்தச் சொல் சரி. பதவியில் இருக்கும்போதே இறந்தவர் எப்படி முன்னாள் ஆவார்? எனக்குள் கேட்டேன். அந்த வேளையில்தான் தவிசாளரின் மனைவி உள்ளே வந்தார். சேலைத் தலைப்பைத் தலையோடு போட்டிருந்தார். நேரே என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, முன்னாள் எண்டு போட வேணாம்.”

“அக்கா, சும்மா இரிங்க,” என்றார் மைத்துனர்.

“அவர் விடல்ல. விடுறன் எண்டு எனக்கிட்டயும் சொன்னவர்தான். மறுகா காலையில உடுப்ப மாத்திக்கொண்டு கந்தோருக்குத்தான் வெளிக்கிட்டவர். புள்ளயளப் பத்தி எனக்குப் பயமில்லையா? இரிக்கு. ஆனா பொய் எழுதி ஒட்ட ஏலா.”

மைத்துனர் வெளியே போய் வெயிலில் நின்றார். முதலாளி தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, “தவிசாளர் எண்டே போடு புள்ள,” என்றார். அடியில் வழக்கமாகப் போடும் அச்சகத்தின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். அந்த வெற்றிடம் அச்சில் நன்றாகவே தெரிந்தது. மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் அப்படி எழுத்துக் கோர்க்கிற அச்சகம் எது என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த நாள் பஸ்ஸில் வேலைக்கு வந்தபோது சந்தி லைட் போஸ்ட்டில் அறிவித்தலைக் கண்டேன். அவருடைய பெயர் அப்படியே இருந்தது. கீழே ‘தவிசாளர்’ இருந்த வரியைப் பிளேடால் சுரண்டியிருந்தார்கள். அடுத்த போஸ்ட்டிலும் அப்படியே. பஸ் ஆமிச் சென்றியில் சோதனைக்கு நின்றது. எல்லாரையும் போல நானும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நடந்தேன். அன்று காலை முழுவதும் வாசலில் ஒரு சைக்கிள் மணி கேட்டாலும் என் கை எழுத்துப் பெட்டியிலேயே நின்றுவிடும்.

பத்து மணி போல தவிசாளரின் மனைவி மறுபடி வந்தார். “இன்னும் கொஞ்சம் அடிச்சித் தருவீங்களா?”

கோர்த்த எழுத்தை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. முதலாளி அடித்துக் கொடுத்தார். அந்த அம்மா அறிவித்தல் கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, முதலாளி சட்டைக் கையை மடித்தார். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். போகும்போது என்னிடம், “கதவ உள்ளால பூட்டு,” என்றார்.

பூட்டிக்கொண்டு இருட்டுக்குள் இருந்தேன். தெருவில் போகிற ஒவ்வொரு காலடியும் வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. மத்தியானம் முதலாளி வந்து கதவைத் தட்டினார். கையெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

“ஒட்டியாச்சா?” என்று கேட்டேன்.

“ஓம். நீ வேலையப் பாரு புள்ள,” என்றார்.