பிக்கரிங்கில் ஒரு வீடு கேட்டு ஜெபித்தேன்

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அவர் கேட்டுவிட்டாரே என்று நான் கூசிப்போன கதை இது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பனிக்காலம். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் ஜெபக்குழுவுக்கு வரும் நேசனின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மனைவி, ஐந்து மாதக் குழந்தை. திருப்பி அனுப்பினால் கொழும்பில் இறங்கியதும் பிடித்துவிடுவார்கள். வக்கீல் மறுமனுப் போடும்வரை, இரண்டு கிழமை, பதினாலு நாள், எங்காவது மறைந்திருக்கவேண்டும்.

உடனே நாங்கள் உபவாச ஜெபம் வைத்தோம். பன்னிரண்டு குடும்பங்கள், தேவாலயத்து பேஸ்மன்டில் மூன்று மணி நேரம், கண்ணீரோடு. நான் நாலு புத்தகம் படித்தவன். ஆகவே நீளமாக ஜெபித்தேன். "கர்த்தாவே, இவர்களுக்கு நீர் ஆயத்தம்பண்ணிய வீட்டைத் திறந்தருளும்." பக்கத்து ஊரான பிக்கரிங் என்றால் நல்லது, அங்கே எங்கள் ஆட்களுக்குப் பெரிய புது வீடுகள் என்று மனதுக்குள் ஒரு குறிப்பும் கொடுத்தேன்.

ஆமென் சொன்னதும் எல்லாரும் சப்பாத்தைத் தேடினார்கள்.

"எங்கட வீட்டில மாமி வந்து நிக்கிறா, அண்ணை."

"நாங்கள் காப்பெற் மாத்திறம்."

நான் சொன்னது இன்னும் கேவலம். "தம்பி, இன்னும் கொஞ்சம் ஜெபிப்பம்."

"ஓம் அண்ணை" என்று நேசன் குழந்தைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போனான்.

கதவு பூட்டக் காத்திருந்தவர் ஹென்னி, ஒல்லாந்திலிருந்து வந்த மூதாட்டி. இவ்வளவு நேரம் எதற்காக ஜெபம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன்.

"ஜெர்மன்காரர் எங்கள் ஊரைப் பிடித்திருந்தபோது அம்மா பரணில் ஒரு யூதக் குடும்பத்தை ஒளித்து வைத்திருந்தார். நாலு பேர், இரண்டு வருடம். பிடிபட்டால் எங்களுக்கும் சாவுதான். காலையில் முழங்காலில் நின்று, 'ஆண்டவரே, இன்றைக்காவது இவர்களை வேறு வீட்டுக்குக் கொண்டுபோம்' என்று மன்றாடுவார். பிறகு எழும்பி ஒன்பது பேருக்கு உருளைக்கிழங்கு உரிப்பார்."

"அவருக்கும் மனமில்லையா?"

"ஒரு நாளும் இல்லை. பரணிலிருந்த பெரியவர் பயங்கரமாகக் குறட்டை விடுவார்."

என் வாய் எனக்கே நாறியது. உபவாசத்தால் மட்டுமல்ல.

பஸ் தரிப்பில் மூவரும் பனிக்குள் நின்றார்கள். காரை நிறுத்தினேன்.

"இன்னும் ஜெபிக்கோணுமெண்டியள், அண்ணை?"

"பதில் வந்திட்டுது. எனக்குப் பிடிக்கேல்லை. ஏறு."

இரண்டு கிழமை பதினொரு கிழமையானது. குழந்தை எங்கள் சோபாவை நாசமாக்கியது. மறுமனு ஏற்கப்பட்ட அன்று நேசனைவிட நான்தான் அதிகம் அழுதேன். என் மனைவிக்கு இன்றும் அது வேடிக்கை. ஸ்தோத்திரம். என் ஜெபங்கள் இப்போது மிகவும் குறுகிவிட்டன.

பிரியமானவர்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். நிச்சயம் பதில் வரும். உங்கள் வீட்டு விலாசம் அவருக்குத் தெரியும்.