மெயினை அணைத்த பிறகும்

எங்கள் வீட்டுப் பின்னறைச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. என் கணவரின் உயிர் அதில்தான் மாட்டியிருந்தது. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. மில்லில் பஞ்சை அடித்துப் பிரிக்கும் புளோ ரூமில் நின்று பஞ்சுத் தூசியைக் குடித்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்த மனிதர் அவர். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருடைய நுரையீரல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடத்திப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆக்சிஜன் மிஷினுக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அறைக்காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மிஷின் அது. இரவும் பகலும் ஓட வேண்டும். கரெண்ட் போனால் சமாளிக்கக் கட்டில் காலருகே ஒரு சின்ன சிலிண்டர் நிற்கும். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

மிஷின் புதிது, வீடுதான் பழையது. மாமனார் கட்டிய வீடு. சுவரில் நீளநீளமாக மரச்சட்டப் பட்டை அடித்து, அதற்குள் வயர் ஓடும். போர்டில் பீங்கான் பியூஸ் கட்டைகள். அந்த வீட்டை இவரும் இவர் தம்பியும் பாகம் பிரித்தார்கள். கூடத்தின் நடுவே நூல் பிடித்துச் சுவர் எழுப்பினார்கள். அறைகளைப் பிரித்தார்கள், தென்னைகளைப் பிரித்தார்கள், ஆட்டுரலுக்குக்கூடப் பஞ்சாயத்து வைத்தார்கள். கிணறு தம்பி பக்கம் போனது. அந்தக் கிணற்றை வைத்து வந்த சண்டையில், "அந்த வீட்டுத் தண்ணி இனி என் தொண்டையில எறங்காது" என்று இவர் தெருவில் நின்று சொன்னார். சொன்னபடியே இருந்தார். அடுத்தடுத்த இரண்டு வாசல்கள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் பேச்சு கிடையாது.

மிஷின் வந்த புதிதில் காலையானால் அந்தப் பக்கம் கிணற்று மோட்டாரைப் போடுவார்கள். போட்டவுடன் எங்கள் பின்னறை பல்பு மங்கும், மிஷின் கீச்சென்று கத்தும், இவர் கண்ணைப் பெரிதாக்கி என்னைப் பார்ப்பார். நான் சிலிண்டர் குழாயை மாற்றிக்கொண்டே சுவரைப் பார்த்துத் திட்டுவேன். நான் திட்டியது பலித்ததோ என்னவோ, சில நாட்களில் மோட்டார் சத்தம் நின்றுபோனது. என் ஓரகத்தி, அதாவது அந்தத் தம்பியின் மனைவி, தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து போவதைப் பார்த்தேன். மோட்டார் காயில் எரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது கண்குளிர்ச்சியாகத்தான் இருந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. பின்னறையில் கருகல் நாற்றம் வர ஆரம்பித்தது. பிளக் பாயிண்ட் ஓரம் பழுப்பாகி, பிறகு கறுத்தது. தொட்டால் சோறு வடித்த பானை போலச் சுட்டது. முன்னறையில் மாட்டிப் பார்ப்போம் என்று மிஷினை உருட்டிக்கொண்டு போனேன், பியூஸ் போய்விட்டது. பியூஸ் போனாலும் பின்னறை விளக்கு மட்டும் எரியும். எப்போதுமே அப்படித்தான். அந்த அறைக்கு ராசி உண்டு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அதனால் மிஷின் மறுபடியும் அந்தக் கறுத்த பிளக்குக்கே போனது. நான் இராத்தூக்கத்தை விட்டேன்.

ராணுவத்தில் வடக்கே இருக்கும் மகன் போனில் சொன்னான், "வீட்டு ஒயரிங்கையே மாத்திருங்கம்மா. ஒரு ஆளா கெடைக்காது?" எல்லையில் நிற்பவனுக்கு ஊரில் எலக்ட்ரீஷியன் பிடிக்கிற பாடு எப்படித் தெரியும்.

எலக்ட்ரிக் கடையில் சொல்லி வைத்தேன். அவர்கள் சொன்ன எலக்ட்ரீஷியன் போனில் பேசும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. "பழைய வீடாக்கா?" என்று கேட்டவுடன் குரல் இறங்கிப்போனது. புதுவீடு என்றால் பைப் போட்டு வயரை இழுத்துவிட்டுப் போகலாம். பழைய வீட்டில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கட்டியவருக்கே தெரியாது. அவரோ போய்ச் சேர்ந்துவிட்டார். "நாளைக்குக் காலைல வாரேன்க்கா" என்றார் எலக்ட்ரீஷியன். எத்தனை நாளைக் காலைகள் வந்து போயின என்று நான் எண்ணவில்லை. நான் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அதையும் விட்டுவிட்டு வாசலையே பார்த்துக் கிடந்தேன்.

கடைசியில் வந்தார். நாற்பது வயதிருக்கும், மம்சாபுரத்துக்காரர். கூடத்துச் சுவரை உளியால் கொத்தி, பாதி தூரம் பைப் பதித்தார். மறுநாள் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண சீசன், சீரியல் லைட் கட்டப் போய்விட்டார் என்றார்கள். கொத்திய சுவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. செங்கல் தூசி பறந்து இவருக்கு இருமல் கூடியது. நான் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வேறு ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் சுவரைப் பார்த்தார், பைப்பைத் தட்டினார். "யாரு கை வச்ச வேலைக்கா இது?" என்றார். சொன்னேன். "அவரு கொத்துன சுவத்துல நான் கை வைக்க மாட்டேன். எங்களுக்குள்ள அது ஆகாது" என்று செருப்பை மாட்டினார். கொலைக் குற்றவாளிக்குக்கூட வக்கீல் மாறலாம். எலக்ட்ரீஷியன் மாறக்கூடாதாம்.

இன்னொருவர் அந்த வழக்கமெல்லாம் பார்க்காதவர். பின்னறைக்குள் வந்து கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மெயினை ஆப் பண்ணாம வேலை பாக்க முடியாதுக்கா. இவிய மிசினு?"

"சிலிண்டர் இருக்கு."

"எம்புட்டு நேரம் தாங்கும்?"

உள்ளதைச் சொன்னேன். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் எந்த ஊர் டீக்கடைக்குப் போனாரோ, திரும்பி வரவே இல்லை. அவரைக் குற்றம் சொல்லி என்ன. கரெண்டை நிறுத்தினால் இவர் மூச்சு நிற்கும், நிறுத்தாவிட்டால் அந்த பிளக் ஒருநாள் பற்றிக்கொள்ளும். அன்று மத்தியானம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டால் இவர் எழுந்திருக்கப் பார்ப்பார்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண்ணைக் காவலுக்கு வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். மண்டபம் மண்டபமாக விசாரித்தேன். ஒரு மண்டபத்து வாசலில் மம்சாபுரத்துக்காரர் ஏணி உச்சியில் நின்று சீரியல் பல்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, விடுங்க. எறங்கணும்."

"எறங்கினா எங்க வீட்டுக்குத்தான் எறங்கணும்."

"கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? முகூர்த்தம் முடியட்டும், வாரேன்."

"அவிய செத்த பொறவு வந்து சீரியல் செட்டா போடப் போறீரு?"

மண்டபத்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை. அவர் பல்புச் சரத்தை அப்படியே தொங்கவிட்டு, "கையை எடுங்க, காலைல வந்திருவேன்" என்றார். இந்த முறை வந்தார்.

வந்ததும் முதலில் அந்தக் கறுத்த பிளக்கை மாற்றிவிடுவோம் என்றார். சிலிண்டர் குழாயை இவர் மூக்கில் மாட்டினேன். முன்னால் போய் மெயினை அணைத்தார். கூடத்து ஃபேன் நின்றது, அடுப்பங்கரை விளக்கு அணைந்தது. பின்னறையில் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி காப்பாற்றுகிறது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். எலக்ட்ரீஷியனுக்கு முகம் வெளிறிவிட்டது. நல்லவேளை பிளக்கில் கை வைக்கவில்லை. பரண் மேல் ஏறி, டார்ச் அடித்து, மரச்சட்டப் பட்டையோடு பார்த்துக்கொண்டே போனார். பட்டை நடுச்சுவர் வரை போய், ஒரு ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நுழைந்தது.

"அக்கா, இந்த ரூம்புக்குக் கரெண்ட் ஒங்க மீட்டர்லேர்ந்து வரல. அங்கிட்டுலேர்ந்து வருது. பாகம் பிரிக்கும்போது வீட்டைப் பிரிச்சிருக்காவ, ஒயரைப் பிரிக்காம விட்டுட்டாவ."

எங்கள் ராசியான அறை இத்தனை வருடமும் அந்த வீட்டுக் கரெண்டில் எரிந்திருக்கிறது. தண்ணீரே தொண்டையில் இறங்காது என்ற மனிதர், அந்த வீட்டுக் கரெண்டில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். இதைவிடப் பெரிய பயம் அடுத்து வந்தது. அந்த வயரின் பியூஸ் அவர்கள் வீட்டில் இருக்கிறது. பிளக்கை மாற்ற அவர்கள் மெயினை அணைக்க வேண்டும். அதற்கு நான் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால், திருடிகளா என்று கேட்டுப் பியூஸைப் பிடுங்கிவிட்டால் என் புருஷன் என்ன ஆவார்?

கட்டிலிலிருந்து இவர் கையசைத்தார். "கரெண்ட்... போகலையா?"

"மிசினுல பேட்டரி இருக்காம். நீங்க பேசாதிங்க" என்றேன்.

தெருவில் இறங்கி அடுத்த வாசலுக்குப் போனேன். ஓரகத்தி அப்போதுதான் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறினாள்.

"அத்தானுக்கு என்னமுமாக்கா?"

"இல்ல." மேற்கொண்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கொட்டிவிட்டேன். "பின்னறைக்கு ஒங்க வீட்டுக் கரெண்ட் வருதாம். சத்தியமா எங்களுக்குத் தெரியாது. பிளக் கருகுது. செத்த நேரம் மெயினை அணைச்சுட்டுத் திரும்பப் போட்ரு. கட் மட்டும் பண்ணிராத, ஒன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"பாகம் பிரிச்ச வருசமே தெரியும். நாங்க ஊருக்குப் போயிருந்தப்பவும் மீட்டர் ஓடுச்சுன்னு ஆளை வச்சுப் பாத்தோம். வெட்டிரவான்னு கேட்டாரு அந்த ஆளு. அண்ணன் படுக்கிற ரூம்பு, கெடக்கட்டும்னு அவிய சொல்லிட்டாவ."

அவளாகவே குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மோட்டார் போட்டா மிசினு கத்துது. சுவத்துக்கு இங்கிட்டு நல்லாவே கேக்கும். அதான் போடுறதில்ல."

அவளுக்கு இடுப்பு வலி உண்டு என்பது தெருவுக்கே தெரியும்.

அவர்கள் மெயினை அணைத்தார்கள், பிளக் மாறியது. அந்த வீட்டிலிருந்து கனமான வயர் ஒன்றைத் தற்காலிகமாக இழுத்ததும் கரெண்ட் திரும்ப வந்தது. மிஷின் நிற்காமல் இருக்க வேண்டுமானால் முன்பக்க வேலையை முடித்துவிட்டுப் பின்னறையைக் கடைசியில் மாற்றலாம், அதுவரை அந்த வீட்டுக் கரெண்டிலேயே ஓடட்டும் என்றார் எலக்ட்ரீஷியன். அப்படியே செய்தோம். கூடத்தில் புது வயர் ஏறியது, அடுப்பங்கரையில் ஏறியது. பீங்கான் கட்டைகள் போய், பளு கூடினால் தானே விழும் சுவிட்சுகள் வந்தன. பின்னறைக்கு வேண்டிய வயர் சுருள் வாசற்படியோரம் தயாராகக் கிடந்தது. இவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிடுவாரோ என்று பயம்.

சுருளைப் பிரிப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கரெண்ட் இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவர்தான் இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். மிஷினை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. ஆளில்லாத மூக்குக்கு அது காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. கொழுந்தனார் வந்தார். வருடக்கணக்காக மிதிக்காத வாசலைத் தாண்டிப் பின்னறைக்குள் வந்து, அண்ணன் காலடியில் நின்றார். பிறகு குனிந்து சுவிட்சை அணைத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் நான் பின்னறையில் தரையில் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. முதலில் என்னவென்று புரியவில்லை, எழுந்து சிலிண்டரைத் தேடினேன். பல்பு மங்கி எரிந்தது. மிஷின் கத்தவில்லை. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் போடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.