நாலாம் காம்பராவுக்கு வந்தவர்கள்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலாயி கொழுந்து பறித்தாள். கணவன் காய்ச்சலில் போன பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளோடு வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் நாலாம் காம்பராவில் குடியிருந்தாள். ஒரே அறை. அதற்குள்தான் அடுப்பும் பாயும்.

1936இல் பாடகர் நாகலிங்கம் மதுரையில் காலமானார். அவர் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதுவரை அங்கேயே வேலை செய்தவர். அவருடைய கிராமபோன் பிளேட்டுகள் ஒலிக்காத கடைவீதி ஹட்டனிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தலவாக்கலையில் பிளேட்டு விற்ற லாபிர் முதலாளிதான் அவர்களை அழைத்து வருவார். எந்தக் காம்பரா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பெரிய கங்காணி வைரவன் வேலாயியின் காம்பராவைக் காட்டினார். அது ரோட்டோரம் இருந்தது. வருகிறவர்கள் சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

தோட்டத்துத் துரை கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார். சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். கண்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள் சுவரைச் சுரண்டி, அந்த மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "அவர் எங்கே உட்கார்ந்து பாடுவார்?" என்று கேட்டால் வேலாயி ஏதோ ஒரு மூலையைக் காட்டுவாள். நாலைந்து தடவை காட்டியதில் அவளுக்கே அது உண்மை போல் ஆகிவிட்டது.

ஒருநாள் பொகவந்தலாவையிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். நாகலிங்கத்தின் தங்கை அன்னம்மா. உள்ளே வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இது இல்லீங்க. நாங்க இருந்தது கீழ் லயம். ஆத்தோரத்துல கடைசிக் காம்பரா."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு என்கிட்ட கேட்டாங்க?" என்றாள் அன்னம்மா.

கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில் அம்மாக்கண்ணு இருந்தாள். அவள் புருஷன் நெஞ்சுச் சளியில் படுத்த படுக்கை. மழை பெய்தால் ஒழுகாத இடம் தேடி அவனுடைய பாயை இழுத்துக்கொண்டே இருப்பாள். வேலாயி இதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள். ஆனாலும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. தகரத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம்.

நாலாவது ஞாயிறு லாபிர் முதலாளி வந்தபோது சொல்லிவிட்டாள்.

"அப்ப நாங்க இவ்வளவு நாளும் பிழையான இடத்தையா காட்டினோம்?" முதலாளியின் முகம் சுருங்கிப் போயிற்று.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கங்காணி அவளைச் செங்குத்தான மலைக்கு அனுப்பினார். அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். எதிர்பாராதது வேறு. கீழ்க் காம்பராவுக்குக் கூரை போட்டார்கள். அந்த வாரமே அதைக் காலி செய்யவும் சொன்னார்கள். பாடகரின் படத்தை மாட்டிப் பூட்டி வைக்கப் போகிறார்களாம். அம்மாக்கண்ணுவுக்கு நாலு மைல் தள்ளி, தோட்டத்தின் மேல் டிவிஷனில் இடம்.

"இவரு எப்படி நடப்பாரு? நல்லது பண்றேன்னு என் எடத்தையே எடுத்துட்டியே வேலாயி" என்றாள் அம்மாக்கண்ணு. சத்தம் போடவில்லை.

வேலாயி நோயாளியின் பாயை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள். இருவருமாக அவனை வேலாயியின் காம்பராவுக்குக் கொண்டுவந்தார்கள். வேலாயி குறுக்கே ஒரு சேலையைக் கட்டினாள். கங்காணி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விட்டார்.

அம்மாக்கண்ணுவின் புருஷன் அடுத்த மழைக்காலம் வரை இருந்தான். நனையாமல்தான் செத்தான்.

அதற்குள் பாடகரைப் பார்க்க வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். 1938இல் தோட்டத்தில் வேலையாட்கள் கூடியபோது கீழ்க் காம்பராவின் பூட்டைத் திறந்து வேறொரு குடும்பத்தை வைத்தார்கள். பூஞ்சணம் பிடித்த படத்தை லாபிர் முதலாளி கடைக்குக் கொண்டுபோனார். அம்மாக்கண்ணு திரும்பிப் போகக் கேட்கவில்லை. வேலாயியும் போகச் சொல்லவில்லை.

"நீ பேசாம இருந்திருக்கலாம்ல?" என்று மூத்த மகள் பூரணி ஒருமுறை கேட்டாள்.

வேலாயி சொன்னாள்: "சொன்னது சரிதான். ஆனா மொதலாளிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி அம்மாக்கண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அது எனக்கு அப்பத் தோணல."